என்எஃப்எஸ் வழியே எடுத்த பேக்கப்பில் பாதிப் பேருக்கு மேல் காணவில்லை

#1 · ஆய்வகப் பொறுப்பு · திங்கள், இரவு 10:14

ஒரு கல்லூரித் துறையின் கணினி ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்கிறேன். பொறுப்பேற்று ஏழு மாதம் ஆகிறது. ஒரே ஒரு லினக்ஸ் சர்வர். மாணவர், ஆசிரியர், ஆய்வாளர் என எல்லாருடைய ஹோம் அடைவுகளும் அதில்தான் இருக்கின்றன, மொத்தம் 1.8 டெராபைட். 34 கணினிகள் அதை என்எஃப்எஸ் (நெட்வொர்க் வழியே கோப்புகளைப் பகிரும் முறை) மூலம் மவுண்ட் செய்துகொள்கின்றன, அதாவது தங்கள் சொந்த அடைவு போல இணைத்துக்கொள்கின்றன. யார் எந்த இருக்கையில் உட்கார்ந்தாலும் அவரவர் கோப்புகள் அங்கே வந்துவிடும்.

பேக்கப்பை எனக்கு முன்னால் இருந்தவர் அமைத்தார். சர்வர் பூட்டிய அறையில் இருப்பதால் தன் மேசைக் கணினியில் ஒரு யுஎஸ்பி ஹார்ட் டிஸ்க்கைச் செருகி, இரவு 1 மணிக்கு கிரான் (குறித்த நேரத்தில் வேலையைத் தொடக்கும் நிரல்) மூலம் டார் (கோப்புகளை ஒரே தொகுப்பாக்கும் நிரல்) ஓடும்படி வைத்திருந்தார். மவுண்ட் செய்த /ஹோம் அடைவை டார் படித்து யுஎஸ்பி டிஸ்க்கில் எழுதும். இரண்டு ஆண்டுகளாக ஓடுகிறது. தினமும் காலையில் புதிய தொகுப்பு ஒன்று இருக்கும். தேதியைப் பார்த்துவிட்டு நிம்மதியாகத் தேநீர் குடிக்கப் போய்விடுவேன்.

போன வாரம் ஓர் ஆய்வு மாணவி தன் ஆய்வேட்டு அடைவைத் தவறுதலாக அழித்துவிட்டார். "கவலைப்படாதீர்கள், பேக்கப் இருக்கிறது" என்று பெருமையாகச் சொல்லிவிட்டுத் தொகுப்பைத் திறந்தேன். அவர் கோப்பு ஒன்றுகூட இல்லை. எண்ணிப் பார்த்தேன். 212 பயனர்களில் 61 பேருடைய கோப்புகள் மட்டுமே இருந்தன. முந்தைய நாள் தொகுப்பிலும் அதே 61 பேர். போன மாதத்திலும் ஏறத்தாழ அவர்களே.

டிஸ்க் நிறையவில்லை. பிழை அஞ்சல் எதுவும் வந்ததில்லை. ஸ்கிரிப்ட் ரூட்டாகத்தான் (எல்லா அதிகாரமும் உள்ள நிர்வாகக் கணக்கு) ஓடுகிறது. என்ன நடந்திருக்கும்?

#2 · சுழல்வட்டு · திங்கள், இரவு 10:31

ரூட் ஸ்குவாஷ்.

அந்த மேசைக் கணினியில் ரூட்டாக நுழைந்து, மாணவியின் அடைவுக்கு எல்எஸ் கொடுத்துப் பாருங்கள்.

#3 · ஆய்வகப் பொறுப்பு · திங்கள், இரவு 10:38

"அனுமதி மறுக்கப்பட்டது" என்கிறது. ரூட்டுக்கே அனுமதி இல்லையா?

#4 · சுழல்வட்டு · திங்கள், இரவு 10:55

உங்கள் மேசைக் கணினியின் ரூட் உங்கள் மேசைக்கு மட்டும்தான் ராஜா. யோசித்துப் பாருங்கள்: ஆய்வகத்தில் ஒரு மாணவர் பென் டிரைவிலிருந்து கணினியைத் தொடக்கினால் அவரும் அந்தக் கணினிக்கு ரூட்தான். அவரை சர்வர் அப்படியே நம்பினால் 212 பேரின் கோப்புகளும் அவர் கையில். அதனால் வெளியிலிருந்து பயனர் எண் 0 என்று யார் வந்தாலும் சர்வர் அவரை 'நோபடி' (தனி உரிமை எதுவும் இல்லாத பயனர்) ஆக்கிவிடுகிறது. இதுதான் ரூட் ஸ்குவாஷ். லினக்ஸில் பொதுவாக அந்த எண் 65534. எதை யாருக்குப் பகிர்வது என்று சர்வரில் எழுதிவைக்கும் எக்ஸ்போர்ட்ஸ் கோப்பில் நீங்கள் எதுவும் குறிப்பிடாவிட்டாலும் இதுதான் இயல்பான நடத்தை.

ஆகவே உங்கள் டார் இரண்டு ஆண்டுகளாக நோபடியாக ஓடியிருக்கிறது. 755 அனுமதி உள்ள அடைவுகளை யார் வேண்டுமானாலும் படிக்கலாம், அவை வந்துவிட்டன. 700 (உரிமையாளருக்கு மட்டும்) வைத்தவர்கள் வரவில்லை. வீட்டை ஊருக்கே திறந்து போட்டவர்கள் பிழைத்தார்கள், ஒழுங்காகத் தாழ்ப்பாள் போட்டவர்கள் போனார்கள்.

ஆனால் டார் இதை வாய்மூடி விட்டிருக்காது. படிக்க முடியாத ஒவ்வோர் அடைவுக்கும் ஒரு வரி புகார் எழுதும். முடிவில் வெளியேறும் குறியீடாக 2 கொடுக்கும். அந்தப் புகார்கள் எங்கே போயின?

#5 · ஆய்வகப் பொறுப்பு · திங்கள், இரவு 11:09

ஸ்கிரிப்ட்டின் கடைசி வரியைப் பார்த்தேன். பிழை வெளியீடு முழுவதும் டெவ்-நல்லுக்கு, அதாவது குப்பைக்கே போகிறது. வெளியேறும் குறியீட்டை யாரும் பார்க்கவில்லை. 61 பேரும் நீங்கள் சொன்னபடி 755தான்.

அந்த வரிக்குமேல் ஒரு குறிப்பும் இருக்கிறது: "தினமும் தேவையில்லாத அஞ்சல் வருகிறது, அதனால் நிறுத்தினேன்."

#6 · இரவுக் கிரான் · திங்கள், இரவு 11:15

எக்ஸ்போர்ட்ஸில் 'நோ-ரூட்-ஸ்குவாஷ்' என்று ஒரு சொல் சேருங்கள், எக்ஸ்போர்ட்-எஃப்எஸ் கட்டளையை ஒருமுறை ஓட்டுங்கள். முடிந்தது. எதற்கு இவ்வளவு நீளம்?

#7 · பழைய டேப் · செவ்வாய், காலை 6:02

தம்பி இரவுக் கிரான், 34 கணினிகளுக்குமா? மாணவர்கள் உட்காரும் கணினிகளுக்கா? அவர்களில் ஒருவன் ரூட்டாகி, பகிர்வில் செட்-யூஐடி பிட்டுடன் (யார் ஓட்டினாலும் உரிமையாளரின் அதிகாரத்தில் ஓடவைக்கும் குறி) ஒரு ஷெல்லைப் போட்டுவைத்தால், நோ-சூயிட் (அந்தக் குறியை மதிக்காதே என்னும் ஆப்ஷன்) இல்லாமல் மவுண்ட் செய்த அத்தனை கணினிகளும் அவனுடையவை. கதவு இறுகுகிறது என்று கதவையே கழற்றி வைக்கச் சொல்கிறீர்கள்.

கேள்வி கேட்ட தம்பிக்கு என் பதில் வேறு. தரவு எந்தக் கணினியின் டிஸ்க்கில் இருக்கிறதோ அந்தக் கணினியிலேயே பேக்கப்பை ஓட்டுங்கள். என்எஃப்எஸ் என்பது அந்த டிஸ்க்கைப் பார்க்கும் ஜன்னல். ஜன்னல் வழியாக வீட்டுச் சாமான் கணக்கெடுத்தால் ஜன்னலுக்கு எதிரே இருப்பது மட்டும்தான் கணக்கில் வரும்.

நாங்கள் சோலாரிஸ் காலத்தில் யுஎஃப்எஸ்-டம்ப் வைத்து டேப்பில் எடுத்தோம். டம்ப் யூனிக்ஸின் ஆறாம் பதிப்பிலேயே வந்துவிட்டது. டார் ஏழாம் பதிப்பில்தான் வந்தது. டம்ப் கோப்பு முறைமை வழியாகப் போகாது. டிஸ்க்கின் ஐநோடுகளை (ஒவ்வொரு கோப்பின் உள்பதிவு) நேரடியாகப் படிக்கும். அதனால் யாருடைய அனுமதியும் அதற்குத் தடையில்லை, கோப்பைப் படித்த நேரமும் மாறாது. அதே காரணத்தால் என்எஃப்எஸ் மவுண்ட்டில் அது ஓடவே ஓடாது. ஓடாது என்பது எங்களுக்குக் கிடைத்த வரம். தவறான இடத்தில் தவறான பேக்கப் எடுக்க வழியே இருக்கவில்லை.

#8 · இரவுக் கிரான் · செவ்வாய், காலை 8:40

சரி ஐயா, ஒப்புக்கொள்கிறேன், எல்லாக் கணினிகளுக்கும் வேண்டாம். ஆனால் பேக்கப் எடுக்கும் ஒரே ஒரு கணினிக்கு மட்டும், அதுவும் படிக்க மட்டும் என்று கொடுக்கலாம் அல்லவா? எக்ஸ்போர்ட்ஸில் அந்த ஐபி முகவரிக்கு மட்டும் 'ஆர்ஓ, நோ-ரூட்-ஸ்குவாஷ்'. மற்ற நெட்வொர்க் முழுவதற்கும் பழையபடி. லினக்ஸில் தனி முகவரிக்கு எழுதியது நெட்வொர்க்குக்கு எழுதியதை முந்திக்கொள்ளும். வரியில் எது முன்னால் வந்தாலும் கவலையில்லை.

இன்னொன்று. ரூட் ஸ்குவாஷைப் பெரிய கோட்டை மாதிரிப் பேசுகிறீர்கள். சாதாரண என்எஃப்எஸ்ஸில் கிளையன்ட் சொல்லும் பயனர் எண்ணை சர்வர் அப்படியே நம்புகிறது. ரூட்டாக இருக்கும் மாணவன் எஸ்யூ கொடுத்து இன்னொருவர் எண்ணுக்கு மாறினால் அந்த 700 அடைவும் திறக்கும். உண்மையான பூட்டு வேண்டுமென்றால், பயனர் யார் என்று நிரூபிக்கச் சொல்லும் கெர்பரோஸ்தான்.

#9 · பழைய டேப் · செவ்வாய், காலை 9:12

இந்த முறை சரியாகச் சொன்னீர்கள். அந்த இரண்டாவது பத்தியை நான் எழுதியிருக்க வேண்டும்.

டம்ப்பைப் புகழ்ந்ததற்கும் ஒரு திருத்தம்: லினக்ஸில், மவுண்ட் ஆகி எழுதப்பட்டுக்கொண்டிருக்கும் கோப்பு முறைமையில் அதை ஓட்ட வேண்டாம். டம்ப் டிஸ்க்கைப் படிக்கும்போது புதிய தரவு இன்னும் நினைவகத்திலேயே இருக்கலாம். 2001-இல் லினஸ் டோர்வால்ட்ஸே இதை எச்சரித்தார். ஸ்னாப்ஷாட் (அந்தக் கணத்தின் உறைந்த பிரதி) எடுத்து அதன்மேல் ஓட்டினால் சரி.

#10 · தென்றல்7 · செவ்வாய், காலை 11:20

எங்களிடம் இதற்கு நேர் எதிரான குறை இருந்தது. ஒவ்வொரு கணினியிலும் பேக்கப் முகவர் ஒன்று நிறுவி, மூலத்திலிருந்து எல்லாவற்றையும் எடு என்று வைத்திருந்தார்கள். ஒவ்வொரு கணினியும் அதே /ஹோம் அடைவைத் தன்னுடையது என்று நினைத்து எடுத்தது. ஒரே பேக்கப் 18 பிரதிகள்! இரவெல்லாம் சர்வர் மூச்சுத் திணறியது. டாரிலும் ஆர்சிங்க்கிலும் (கோப்புகளை ஒத்திசைத்து நகலெடுக்கும் நிரல்) 'ஒன்-ஃபைல்-சிஸ்டம்' (வேறு கோப்பு முறைமைக்குள் இறங்காதே) ஆப்ஷனைப் போட்ட பிறகுதான் நின்றது. பாக்குலா என்னும் பேக்கப் மென்பொருளில் அது இயல்பாகவே அப்படித்தான் இருக்கிறது.

#11 · நாஸ்பெட்டி · செவ்வாய், பகல் 1:05

எல்லாரும் "சர்வரில் ஓட்டு" என்று எளிதாகச் சொல்லிவிடுகிறீர்கள். எங்கள் அலுவலகத்தில் இருப்பது மூடிய நாஸ் பெட்டி (நெட்வொர்க்கில் கோப்புகளைச் சேமித்துத் தரும் சாதனம்). அதற்குள் ஷெல் கிடையாது, டார் கிடையாது, எதையும் நிறுவ முடியாது. என்எஃப்எஸ் மவுண்ட்தான் ஒரே வாசல். பழைய டேப் ஐயா சொல்லும் வரம் எங்களுக்குக் கிடைக்கவில்லை. என்டிஎம்பி என்று ஒரு நெறிமுறை இதற்காகவே 1996 முதல் இருக்கிறது. பெட்டியே தன் தரவை பேக்கப் மென்பொருளுக்கு நேராக அனுப்பும். எங்கள் பெட்டியில் அதுவும் இல்லை.

ஆகவே ஜன்னல் வழியாகத்தான் நான்கு ஆண்டுகளாக எடுக்கிறேன். அதில் பட்டதைச் சொல்கிறேன். ஆய்வகப் பொறுப்புக்குத் தேவைப்படாவிட்டாலும் வேறு யாருக்காவது ஆகும்.

முதல் அடி உரிமையாளர் பெயரில் விழுந்தது. என்எஃப்எஸ் நான்காம் பதிப்பில் உரிமையாளர் எண்ணாக இல்லாமல் "பெயர்@டொமைன்" என்ற வடிவில் போகக்கூடும். எங்கள் பேக்கப் கணினியில் ஐடிமேப் கோப்பில் (பெயரையும் எண்ணையும் பொருத்தும் அமைப்புக் கோப்பு) இருந்த டொமைன் வேறு. எல்லாக் கோப்புகளும் நோபடிக்குச் சொந்தம் என்று தெரிந்தன. படிக்க முடிந்தது, எடுக்க முடிந்தது, பிழை ஒன்றும் வரவில்லை. மீட்டபோதுதான் தெரிந்தது: 9 லட்சம் கோப்புகளும் நோபடியுடையவை. யாருடையது எது என்று அடைவுப் பெயரை வைத்து மறுபடி ஒட்ட மூன்று நாள் ஆனது. பேக்கப் தொடங்குமுன் ஸ்கிரிப்ட்டிலேயே தெரிந்த ஒரு கோப்பின் உரிமையாளரைச் சரிபார்த்து, நோபடி என்றால் அங்கேயே நிறுத்துகிறேன் இப்போது.

அடுத்தது மெய்நிகர் கணினிகளின் டிஸ்க் படிமங்கள். 100 கிகாபைட் என்று காட்டும், உள்ளே உண்மையில் 12 கிகாபைட்தான் இருக்கும், மீதி வெறும் ஓட்டை. 4.2 பதிப்புக்கு முந்தைய என்எஃப்எஸ்ஸில் ஓட்டை எங்கே இருக்கிறது என்று கேட்க வழியில்லை. 88 கிகாபைட் பூஜ்யங்களைக் கம்பி வழியாக இழுத்து வருவோம்.

புள்ளியும் என்எஃப்எஸ் என்ற எழுத்துகளுமாகத் தொடங்கும் விசித்திரக் கோப்புகள் வந்தால் பயப்பட வேண்டாம். திறந்திருக்கும் கோப்பை ஒருவர் அழிக்கும்போது கிளையன்ட் அதை அழிக்காமல் அப்படிப் பெயர் மாற்றி ஒளித்துவைக்கிறது. விலக்குப் பட்டியலில் போட்டுவிடலாம். பெட்டியின் ஸ்னாப்ஷாட் அடைவு பட்டியலில் தெரியும்படி இருந்தால் அதையும் விலக்குங்கள். இல்லையென்றால் டார் அதற்குள் இறங்கி நேற்று, முந்தாநாள், போன வாரம் என்று முழுவதையும் திரும்பத் திரும்ப எடுக்கும்.

#12 · முதலாண்டு · செவ்வாய், மாலை 4:48

ஒரு சின்னக் கேள்வி. ஆர்சிங்க் மாறிய பகுதியை மட்டும் அனுப்பும் என்று படித்தேன். அப்படியானால் மவுண்ட் செய்த அடைவில் ஆர்சிங்க் ஓட்டினால் நெட்வொர்க் சுமை குறையாதா?

#13 · சுழல்வட்டு · செவ்வாய், மாலை 5:30

எல்லாரும் ஒருமுறையாவது விழும் குழி இது. ஆர்சிங்க்கின் அந்தத் திறமைக்கு இரண்டு பக்கமும் ஒவ்வோர் ஆர்சிங்க் வேண்டும். ஒன்று இந்த டிஸ்க்கை உள்ளூரிலேயே படிக்கும், மற்றது அந்த டிஸ்க்கை. இரண்டும் கம்பி வழியாகக் குறிப்புகளை மட்டும் பரிமாறிக்கொள்ளும். என்எஃப்எஸ் மவுண்ட்டைக் கொடுத்தால் ஆர்சிங்க் அதை உள்ளூர் டிஸ்க் என்றே நினைக்கிறது. இரண்டு பக்கமும் உள்ளூர் என்றால் வித்தியாசம் பார்க்கும் வேலையையே விட்டுவிட்டு, மாறிய கோப்பை முழுதாக நகலெடுக்கும். கட்டாயப்படுத்தினால் இன்னும் மோசம்: எது மாறியது என்று கண்டுபிடிக்க முழுக் கோப்பையும் கம்பி வழியாக இழுத்துப் படிக்கும். மாறாத கோப்பை அளவையும் தேதியையும் பார்த்து விட்டுவிடும், அந்த அளவுக்கு லாபம் உண்டு. எஸ்எஸ்எச் வழியாக சர்வருக்குள்ளேயே ஆர்சிங்க்கைத் தொடக்கினால்தான் முழுப் பயன்.

அளவைவிட எண்ணிக்கைதான் கொல்லும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1.8 டெராபைட்டை கிகாபிட் நெட்வொர்க்கில் நொடிக்கு 110 மெகாபைட் வீதம் இழுத்தால் நாலரை மணி நேரம். அது பெரிய கோப்புகளுக்கு. 26 லட்சம் சின்னக் கோப்புகள் இருக்கின்றன என்று வையுங்கள். ஒவ்வொன்றையும் திறக்க ஒரு கேள்வி, படிக்க ஒன்று, மூட ஒன்று. ஒவ்வொரு கேள்விக்கும் போய்வர அரை மில்லி நொடி. வெறும் கேள்வி பதிலுக்கே 65 நிமிடம், ஒரு பைட் தரவைக் கணக்கில் சேர்க்காமல். சர்வரிலேயே ஓடினால் இந்த 65 நிமிடம் இல்லை.

#14 · இரவுக் கிரான் · செவ்வாய், இரவு 9:22

நாஸ்பெட்டி, உங்கள் மவுண்ட் ஹார்டா, சாஃப்ட்டா? நாங்கள் சாஃப்ட் வைத்திருக்கிறோம். சர்வர் நின்றுபோனால் பேக்கப் தொங்கிக்கொண்டிருக்காமல் பிழை கொடுத்துவிட்டு வெளியே வந்துவிடும்.

#15 · நாஸ்பெட்டி · செவ்வாய், இரவு 9:50

இன்றே மாற்றுங்கள், தயவுசெய்து.

டார் ஒரு கோப்பைப் பாதி படித்திருக்கும்போது சாஃப்ட் மவுண்ட் "உள்ளீட்டுப் பிழை" என்று கைவிரித்தால் டார் என்ன செய்கிறது தெரியுமா? கோப்பின் அளவைத் தலைப்பில் ஏற்கெனவே எழுதிவிட்டது, பின்வாங்க முடியாது. ஒரு புகார் வரி எழுதிவிட்டு, மீதியைப் பூஜ்யங்களால் நிரப்பிவிட்டு அடுத்த கோப்புக்குப் போகிறது. மீட்டெடுத்தால் அளவு சரி, பெயர் சரி, தேதி சரி. பின்பாதி வெறும் பூஜ்யம். பிழை வரியை யாரும் படிக்காவிட்டால், அந்தக் கோப்பைத் திறக்கும் நாள்வரை எல்லாம் நன்றாக இருப்பதாகவே தோன்றும்.

ஹார்ட் மவுண்ட் தொங்கும், உண்மைதான். சர்வர் திரும்பியதும் விட்ட இடத்திலிருந்து தொடரும். எனக்கு அதுவே போதும்.

#16 · இரவுக் கிரான் · செவ்வாய், இரவு 10:03

தொங்கும்போது மறுநாள் கிரான் இன்னொன்றைத் தொடக்கும், அதற்கு மறுநாள் இன்னொன்று. ஒரு நீண்ட விடுமுறை முடிந்து வந்தபோது ஐந்து டார் வரிசையாக டி நிலையில் (பதிலுக்குக் காத்து அசையாமல்) நின்றதைப் பார்த்தவன் நான். அதனால்தான் சாஃப்ட்டுக்குப் போனேன்.

#17 · சுழல்வட்டு · செவ்வாய், இரவு 10:11

அதற்கு எஃப்லாக். முந்தையது முடியாதவரை அடுத்தது தொடங்காது. தொங்கினால் அஞ்சல் அனுப்பட்டும், நீங்கள் போய்ப் பாருங்கள். தலைவலிக்குத் தலையை வெட்ட வேண்டாம்.

#18 · தென்றல்7 · புதன், காலை 7:35

எஃப்லாக்கைச் சொன்னதும் தோன்றியது, மாறியவற்றை மட்டும் பேக்கப் எடுப்பவர்களுக்கு. "நேற்றைக்குப் பிறகு மாறியவை" என்று தேதியை வைத்துத் தேர்ந்தெடுக்கிறீர்கள் என்றால், அந்தத் தேதி யாருடைய கடிகாரம்? கோப்பின் நேரத்தைப் பெரும்பாலும் சர்வர் எழுதுகிறது, ஸ்கிரிப்ட்டின் நேரத்தை கிளையன்ட் எழுதுகிறது. சர்வர் நான்கு நிமிடம் பின்தங்கி இருந்தால், பேக்கப் தொடங்கியபின் நான்கு நிமிடத்துக்குள் மாறியவை அதற்கு முன்பே மாறியவையாகத் தோன்றும். இன்றும் வராது, நாளையும் வராது. என்டிபி (கடிகாரங்களை ஒத்துவைக்கும் சேவை) ஓட வேண்டும். அதோடு, தொடங்கும்போது மவுண்ட் செய்த அடைவிலேயே ஓர் அடையாளக் கோப்பை டச் செய்து, அதன் நேரத்தை அடுத்த முறை ஒப்பிடுங்கள். அது சர்வரின் நேரம்.

க்னூ டாரின் ஸ்னாப்ஷாட் கோப்பு முறையில் முன்பு இன்னொரு தொல்லையும் இருந்தது. ஆட்டோமவுண்ட் ஒவ்வொரு முறையும் புதிய சாதன எண் கொடுப்பதால், எல்லா அடைவும் புதியது என்று நினைத்து முழுவதையும் மறுபடி எடுக்கும். இப்போது என்எஃப்எஸ் சாதனங்கள் எல்லாவற்றையும் ஒன்றாகவே கருதும்படி செய்துவிட்டார்கள். டாரின் கையேடே இதை நேர்த்தியற்ற வழி என்று ஒப்புக்கொள்கிறது. அந்த நேர்மை எனக்குப் பிடிக்கும்.

#19 · ஆய்வகப் பொறுப்பு · புதன், இரவு 8:15

எல்லாவற்றையும் இரண்டு முறை படித்தேன். யுஎஸ்பி டிஸ்க்கை சர்வர் அறைக்கே கொண்டுபோக அனுமதி வாங்கிவிட்டேன். சர்வரில் எல்விஎம் (டிஸ்க் இடத்தைப் பிரித்து நிர்வகிக்கும் அடுக்கு) மேல் எக்ஸ்எஃப்எஸ் கோப்பு முறைமை. ஸ்னாப்ஷாட் எடுத்து, அதை மவுண்ட் செய்து, அதிலிருந்து ஆர்சிங்க் என்பது திட்டம். ஆனால் ஸ்னாப்ஷாட்டை மவுண்ட் செய்ய முடியவில்லை.

#20 · சுழல்வட்டு · புதன், இரவு 8:19

'நோ-யூயூஐடி' ஆப்ஷன் கொடுங்கள். மூலமும் ஸ்னாப்ஷாட்டும் ஒரே அடையாள எண்ணைக் கொண்டவை; எக்ஸ்எஃப்எஸ் இரட்டையர்களை ஒரே நேரத்தில் ஏற்காது. ஸ்னாப்ஷாட்டுக்கு ஒதுக்கிய இடம் நிறைந்தால் அது செல்லாமல் போய்விடும், தாராளமாகக் கொடுங்கள். வேலை முடிந்ததும் நீக்க மறக்க வேண்டாம்.

#21 · பழைய டேப் · வியாழன், காலை 5:50

ஆர்சிங்க்கில் ஹார்ட் லிங்க் (ஒரே கோப்புக்கு இன்னொரு பெயர்), ஏசிஎல் (கூடுதல் அனுமதிப் பட்டியல்), எக்ஸ்டெண்டெட் ஆட்ரிபியூட் (கோப்போடு ஒட்டிய கூடுதல் குறிப்புகள்) மூன்றுக்கும் தனித்தனி ஆப்ஷன்கள். '-ஏ' என்று போட்டால் எல்லாம் வந்துவிடும் என்று நினைக்கிறார்கள். இந்த மூன்றும் வராது. பயனர்களை எண்ணாகவே வைக்கும் ஆப்ஷனையும் சேருங்கள், மீட்கும் கணினியில் பெயர்கள் வேறாக இருக்கலாம்.

தம்பி, டேட்டாபேஸ் ஏதாவது அந்த ஹோமில் ஓடுகிறதா? ஓடினால் கோப்பை நகலெடுப்பதை மட்டும் நம்ப வேண்டாம். போஸ்ட்கிரஸ் என்றால் பிஜி-டம்ப்.

#22 · கூடைமேகம் · வியாழன், காலை 10:26

நீண்ட நாள் வாசகன், முதல் பதிவு. 'ஒன்-ஃபைல்-சிஸ்டம்' பற்றித் தென்றல்7 சொன்னதற்கு ஒரு மறுபக்கம்.

எங்கள் சர்வரில் இசட்எஃப்எஸ் கோப்பு முறைமை. கோட்டா வைக்க வசதி என்று ஒவ்வொரு பயனருக்கும் தனி டேட்டாசெட். ஒவ்வொன்றும் தனிக் கோப்பு முறைமை. அந்த ஆப்ஷனுடன் பேக்கப் எடுத்தேன். வெளி அடைவைத் தாண்டி ஒன்றிலும் இறங்கவில்லை. 140 பயனர்களின் பெயர்கள் அழகாக அகர வரிசையில் இருந்தன. ஒவ்வொன்றும் காலி அடைவு. பிழை வரியும் இல்லை, ஏனென்றால் நான் கேட்டபடியே செய்திருக்கிறது. என்எஃப்எஸ் மூன்றாம் பதிப்பில் வெளி டேட்டாசெட்டை மட்டும் மவுண்ட் செய்தால், ஆப்ஷன் இல்லாமலேயே இதே காலி அடைவுகள்தான்.

இப்போது இசட்எஃப்எஸ் சென்ட்டை (ஸ்னாப்ஷாட்டை அப்படியே அனுப்பும் கட்டளை) டேட்டாசெட்டுகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஓட்டுகிறேன். இங்கே இருக்கும் பாதிச் சிக்கல்கள் அதில் இல்லை.

#23 · முதலாண்டு · வியாழன், பகல் 12:10

மவுண்ட்டிலிருந்து எடுப்பதைப் பற்றியே பேசுகிறோம். மவுண்ட்டுக்குள் எழுதுவதில் சிக்கல் உண்டா? நான் என் மடிக்கணினியை வீட்டு நாஸுக்கு அப்படித்தான் எடுக்கிறேன்.

#24 · இரவுக் கிரான் · வியாழன், பகல் 12:41

இதில் எனக்குப் பட்டமே உண்டு. நாஸ் மின்சாரம் போய் அணைந்திருந்தது. மவுண்ட் ஆகவில்லை. மவுண்ட் ஆக வேண்டிய இடத்தில் காலி அடைவு ஒன்று இருக்கும் அல்லவா, ஸ்கிரிப்ட் அதற்குள்ளேயே எழுதத் தொடங்கியது. ரூட் டிஸ்க் நிறைந்து கணினி நின்றது. மறுநாள் நாஸ் வந்ததும் மவுண்ட் ஆனது, அதன் அடியில் 90 கிகாபைட் மறைந்துகொண்டது. எங்கே போயிற்று இடம் என்று டியூ கட்டளையை வைத்து அரை நாள் தேடினேன்.

இரண்டு மருந்து. ஸ்கிரிப்ட்டின் முதல் வேலையாக 'மவுண்ட்பாயிண்ட்' கட்டளையால் சோதித்து, இல்லையென்றால் வெளியேறு. அதோடு, மவுண்ட் ஆகாத நிலையில் அந்தக் காலி அடைவுக்கு சாட்டர் கட்டளையால் மாற்றமுடியாக் குறியைப் போட்டுவிடு. பிறகு ரூட்டே நினைத்தாலும் அதில் எழுத முடியாது. மவுண்ட் மட்டும் தடையின்றி ஆகும்.

#25 · சுழல்வட்டு · வியாழன், மாலை 6:20

ஸ்கிரிப்ட் திருத்தப் போகும் ஆய்வகப் பொறுப்புக்கு ஒரு கதை, நடந்தது.

ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழகத்தின் சூப்பர் கணினியில், 2021 டிசம்பர் 14 முதல் 16 வரை, லஸ்டர் கோப்பு முறைமையிலிருந்து சுமார் 77 டெராபைட், 3.4 கோடிக் கோப்புகள் அழிந்தன. 14 ஆய்வுக் குழுக்களின் தரவு. அவற்றில் 4 குழுக்களுக்கு மீட்க வழியில்லாமல் போயிற்று. அழித்தது யார்? பேக்கப் ஸ்கிரிப்ட். வேலியே பயிரை மேய்ந்தது.

பத்து நாளைக்கு மேற்பட்ட பழைய லாக் கோப்புகளை ஃபைண்ட் கட்டளை மூலம் அழிக்கும் ஒரு பகுதி அதில் இருந்தது. படிக்க எளிதாக இருக்கட்டும் என்று மாறிப் பெயர்களைத் திருத்தி, பழைய ஸ்கிரிப்ட் ஓடிக்கொண்டிருக்கும்போதே புதியதை அதன்மேல் எழுதிவிட்டார்கள். பாஷ் (ஸ்கிரிப்ட்டை ஓட்டும் ஷெல்) ஸ்கிரிப்ட்டை முழுதாகப் படித்துவிட்டு ஓடுவதில்லை. ஓட ஓடப் படிக்கிறது. நடுவழியில் புதிய ஸ்கிரிப்ட்டுக்குத் தாவியதும், மதிப்பு கொடுக்கப்படாத மாறி காலியாக இருந்தது. லாக் அடைவை அழிக்க வேண்டிய ஃபைண்ட் தரவு அடைவை அழித்தது. கணினியைப் பராமரித்த ஹெச்பிஇ நிறுவனம் பொறுப்பை முழுதாக ஏற்றுக்கொண்டது.

ஆகவே ஓடும் ஸ்கிரிப்ட்டை அதே இடத்தில் திருத்த வேண்டாம். வேறு பெயரில் எழுதி எம்வி கொடுத்து மாற்றுங்கள். பழையது தன் பழைய ஐநோடையே படித்து முடிக்கும். 'செட் -யூ' போட்டால் மதிப்பில்லாத மாறியைத் தொட்டதும் நின்றுவிடும். பேக்கப் எடுக்கும் கணினிக்கு மூலத்தைப் படிக்க மட்டும் கொடுத்தால், இந்தக் கதையே நடக்காது.

#26 · பழைய டேப் · வியாழன், இரவு 7:02

அந்தக் கடைசி வரிக்காக இரவுக் கிரானின் #8-ஐ மறுபடி படித்தேன். ஸ்னாப்ஷாட்டையும் படிக்க மட்டும் என்றே மவுண்ட் செய்யுங்கள் தம்பி.

#27 · ஆய்வகப் பொறுப்பு · அடுத்த திங்கள், இரவு 9:40

முடிந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

பேக்கப் இப்போது சர்வரிலேயே ஓடுகிறது: ஸ்னாப்ஷாட், படிக்க மட்டும் மவுண்ட், ஆர்சிங்க், பிறகு ஸ்னாப்ஷாட் நீக்கம். முதல் முழுப் பிரதிக்கு ஐந்தரை மணி நேரம், நேற்றைய இரவுக்கு 19 நிமிடம். 212 பேரும் இருக்கிறார்கள். ஸ்கிரிப்ட் முடிவில் இரண்டு பக்கமும் எண்ணி அஞ்சல் அனுப்புகிறது. இரண்டாவது பிரதிக்கு இன்னொரு டிஸ்க் வாங்கக் கேட்டிருக்கிறேன். விலைப்பட்டியல் மூன்று வேண்டுமாம்.

அறைக்கு வெளியே இருக்கும் அந்தப் பழைய மேசைக் கணினியின் கிரானை நிறுத்தினேன். பழைய ஸ்கிரிப்ட்டை மட்டும் அழிக்கவில்லை. டெவ்-நல் வரியை அச்சடித்து சர்வர் அறைக் கதவின் உட்புறம் ஒட்டியிருக்கிறேன்.

மாணவியின் ஆய்வேடு: நான்கு அத்தியாயங்களின் பிடிஎஃப் நெறியாளரின் அஞ்சலில் கிடைத்தது. சோதனைத் தரவில் பெரும்பகுதி கருவியின் கணினியில் இருந்தது. இரண்டு மாத நிரல்கள் போனது போனதுதான். அவர் திரும்ப எழுதுகிறார்.

#28 · நாஸ்பெட்டி · அடுத்த திங்கள், இரவு 10:05

மீட்டுப் பார்த்தீர்களா?

#29 · ஆய்வகப் பொறுப்பு · அடுத்த திங்கள், இரவு 10:12

நான் பார்க்க வேண்டியிருக்கவில்லை. வெள்ளிக்கிழமை மாலை அந்த மாணவியே என் அறைக்கு வந்து, ஒரு துண்டுச் சீட்டில் ஒரு கோப்பின் பெயரை எழுதிக் கொடுத்து, "செவ்வாய்க்கிழமை இரவு இருந்த வடிவம் வேண்டும்" என்றார். அது அழிந்த கோப்பே இல்லை, என்னைச் சோதிக்கிறார். என்னிடம் இருந்ததோ ஒரே பிரதி. வியாழன் இரவுதான் முதன்முறை ஓடியிருந்தது. செவ்வாய் எங்கிருந்து வரும்? விழித்தேன்.

அன்றிரவே ஆர்சிங்க்கின் 'லிங்க்-டெஸ்ட்' ஆப்ஷனைப் படித்து, நாளுக்கு ஓர் அடைவு என்று மாற்றினேன். மாறாத கோப்புகள் ஹார்ட் லிங்க் என்பதால் இடம் அதிகம் போகவில்லை. இந்த வெள்ளிக்கிழமையும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.